ஊமையத்தையின் திரை

பழையது கழிக்கிற போகியன்று மாவு மில் தவமணி பரண் ஏறிக் கீழே தள்ளின சாமான்களில், ஒரு ஆள் சுருண்டு படுத்த மாதிரி இருந்த அந்தத் துணிச்சுருளும் ஒன்று. அதை மட்டும் நெருப்பில் போட மனசு வராமல், வெயிலாவது காணட்டும் என்று மில்லுக்கு முன்னால் வேப்பமரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே கயிறு கட்டி அவள் விரித்துத் தொங்கவிட்டபோது, மங்கின சிவப்பில் தூணும் மயிலும் வரைந்த நாடகத் திரை ஒன்று முத்துலிங்கபுரத்துக் கடைவீதியைப் பார்த்து நின்றது. சாயங்காலம் மோட்டாரை நிறுத்தி, பெல்ட்டு சத்தம் அடங்கினதும், அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு பொம்பளை பாட ஆரம்பித்தாள்.

*முல்லை பூத்த வாசலிலே முகம் பார்க்க வந்தவரே*
*சொல்லி விட்ட சொல்லுக்கெல்லாம் சொந்தமான சனங்களே…*

குரல் என்றால் அது குரல். எண்ணெய் போட்ட கதவு திறக்கிற மாதிரி சிக்கல் இல்லாமல் மேலே போய், பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேட்டது. மிளகாய்ப் பையோடு வரிசையில் நின்ற பஞ்சவர்ணம் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். வேப்பமரத்து அடிமரம் இருந்தது, இரண்டு கோழி மேய்ந்தது, அரிதாரப் பவுடரும் மல்லிகையும் கலந்த வாசனை ஒன்று ஆள் உயரத்தில் நின்றது.

"ஆளைக் காணோம் தவமணி, குரல் மட்டுந்தான் இருக்கு" என்றாள் பஞ்சவர்ணம். "சரி, எனக்கு நேரமாச்சு. நாளைக்கு என் மிளகாயை முதல்ல போட்டுரு."

மில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்த தவமணியின் அப்பா சங்கரமூர்த்தி மட்டும், பாட்டின் முதல் அடி காதில் விழுந்ததும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய், டிவியை எவ்வளவு சத்தமாக வைக்க முடியுமோ அவ்வளவு சத்தமாக வைத்துக்கொண்டார். அவருக்கு எண்பது வயசு. முன்பல் ஒன்றுகூடக் கிடையாது. மகள் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் அளவெடுத்துக் கட்டி வந்த பல்செட்டு, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சிரித்துக்கொண்டு கிடந்தது. போட்டால் வாய்க்குள் செருப்பை வைத்த மாதிரி இருக்கிறது என்பார். இட்லியையும் பருப்புச் சாதத்தையும் ஈறாலேயே முடித்துவிடுகிற மனுஷனுக்குப் பல் எதற்கு!

அந்தத் திரை யாருடையது என்று தவமணிக்குத் தெரியும். திரை என்றுதான் தெரியாது. அது அத்தை படுத்த படுக்கை. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா அவள். பேச்சியம்மாள் என்று பேர் வைத்தவளை ஊரே ஊமை என்றுதான் கூப்பிட்டது, ஏனென்றால் தவமணிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் வாய் திறந்து ஒரு சொல் பேசி யாரும் கேட்டதில்லை. தவமணியின் அம்மா அவளைப் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூட, இந்த அத்தைதான் தூக்கி வளர்த்தாள். எண்ணெய் தேய்த்தாள், சடை பின்னினாள், காய்ச்சல் வந்த நாளெல்லாம் இந்தச் சுருளில் பக்கத்தில் போட்டுத் தட்டிக் கொடுத்தாள். தெருவில் விளையாடப் போன பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாதே, அதனால் வாசலில் நின்று இரண்டு தட்டுக் கை தட்டுவாள். டப், டப். எந்தத் தெருவில் இருந்தாலும் தவமணி ஓடி வந்துவிடுவாள்.

அத்தை போய் வருஷம் எத்தனையோ ஆகிவிட்டது. அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது. தாத்தா உயிரோடு இருந்தவரைக்கும் அவளைக் கேமரா முன்னால் நிற்கவிட்டதில்லை, அவர் போன பிறகு அத்தையே நிற்க மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டாள். கை ஞாபகம் இருக்கிறது, புடவை ஞாபகம் இருக்கிறது, எண்ணெய் வாசனை ஞாபகம் இருக்கிறது. முகம்தான் தவமணிக்குக் கொஞ்சங்கொஞ்சமாகக் கலைந்து, இப்போது கண்ணை மூடிக் கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறது. அம்பது வயசுப் பொம்பளை, மில்லுக்கு முதலாளி, வளர்த்தவள் முகம் மறந்துபோச்சே என்று மாவுச் சல்லடையைப் பிடித்துக்கொண்டு அழுத நாள் உண்டு. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

ஆனால் பாடுகிறது அத்தை என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? ஊமை எங்கேயாவது பாடுவாளா?

சாயங்காலம் மோட்டார் நின்றால் பாட்டு என்று ஆகிப்போனது, ஊரும் அதற்குத் தோதாகத் தன்னை மாற்றிக்கொண்டது. நாலரை மணி டவுன் பஸ் டிரைவர் மில்லுக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டி ஒரு பாட்டு கேட்டுவிட்டுத்தான் எடுத்தார், கேட்காமல் எடுத்தால் பயணிகள் ஏசினார்கள். தூங்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வந்து திரை ஓரமாக உட்கார்ந்தார்கள். ஏற்கெனவே அரைத்த அரிசியையே திரும்ப அரைக்கக் கொண்டுவந்து வரிசையில் நின்ற ஆட்களும் உண்டு. பஞ்சவர்ணம் வறுத்த கடலையும் அவித்த பயறும் போட்டு ஒரு தள்ளுவண்டியே வைத்துவிட்டாள். ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டையா திரையைச் சுற்றி வந்து, மரத்தைத் தட்டிப் பார்த்து, "அனுமதி வாங்கிப் பாடுதா?" என்று கேட்டுவிட்டு, அவரே சிரித்துக்கொண்டு இரண்டு பொட்டலம் கடலை வாங்கிப் போனார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் மட்டும் இது காற்று வேலை என்று விளக்கம் சொன்னார். சொன்னவர் மறுநாள் பெண்டாட்டியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேய் என்றார்கள் கொஞ்ச நாள். பேய் இவ்வளவு சுதி சுத்தமாகவா பாடும் என்று அது எடுபடவில்லை. அப்புறம்தான் கோயில் தர்மகர்த்தா வெள்ளைச்சாமி, மீசையைத் தடவிக்கொண்டு, "இது அம்மன்" என்றார். அம்மன் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் இல்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம்? திரைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள், மயில் முகத்தில் ஆளுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்கள், 'அருள்மிகு திரைநாச்சியம்மன்' என்று பிளக்ஸ் வந்தது, அதன் ஓரத்தில் வெள்ளைச்சாமி கும்பிட்டபடி நின்றார், பின்னாலேயே உண்டியலும் வந்தது. மோட்டார் நின்றதும் கூட்டம் எழுந்து கைகூப்பி, செருப்பைக் கழற்றிவிட்டு, இருமல்கூட இல்லாமல் நின்றது.

அன்றிலிருந்து குரல் இளைத்தது. முதல் நாள் பாதிப் பாட்டு. அப்புறம் ஒரு அடி. அப்புறம் வெறும் முனகல், அம்மியில் அரைத்துக்கொண்டே வாய்க்குள் பாடுகிற மாதிரி. அதைக் கேட்ட தவமணி மாவுச் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எங்கேயோ கேட்ட முனகல் அது, எங்கே என்று பிடிபடவில்லை.

"அம்மன் கோபமா இருக்கா" என்றார் வெள்ளைச்சாமி. "வெயில்லயும் பனியிலயும் நிறுத்தி வச்சா கோபம் வராதா? வர்ற வெள்ளிக்கிழமை திரையைக் கழற்றிக் கோயிலுக்குள்ள கொண்டுபோறோம். சுருட்டி, பட்டு சாத்தி, கருங்கல் அறை கட்டி உள்ள வச்சுருவோம்."

"சுருட்டி வச்சா எப்படி மாமா பாடும்?" என்றாள் தவமணி.

"அம்மன் பாடணும்னு என்ன கட்டாயம்? இருந்தாப் போதும்ல."

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் நாலரை மணி பஸ்ஸிலிருந்து ஒரு கிழவர் இறங்கினார். வேட்டி மேல் பூப்போட்ட சட்டை, கழுத்தில் சிலுவை, இறங்குகிறபோதே தடுமாறுகிற மாதிரி ஒரு பாவனை செய்து கண்டக்டரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் காலை ஊன்றினார். அந்தக் காலத்து நாடகங்களில் கோமாளி வேஷம் கட்டின பபூன் சவரிமுத்து. பாடுகிற திரையைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு வந்தவர், கைகூப்பி நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், துணியில் காதை வைத்தார். முனகல் கேட்டது. கிழவருக்கு வாய் கோணியது.

"அடி ஆத்தீ" என்றார். "இது ரஞ்சிதம்ல!"

தவமணி அவரை மில்லுக்குள் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் சொன்னார்:

"ராணி வேஷத்துக்கு அவளை விட்டா ஆள் கிடையாது தாயி, அப்ப. நோட்டீஸ்ல எங்க எல்லாருக்கும் பேருக்கு முன்னால ஊர்ப் பேர் இருக்கும். அவளுக்கு மட்டும் மொட்டையா ரஞ்சிதம்னு போடுவாங்க. வீட்டுல தெரிஞ்சா வெட்டிருவாங்களாம். வழக்கம் என்னன்னா, ராணி வெளிய வர்றதுக்கு முந்தி திரைக்குள்ள இருந்தே ஒரு பாட்டுப் பாடணும். அந்தப் பாட்டு முடிஞ்சு வரணும். ஒரு ஊர்ல, நான் மேடையில நிக்கேன், பாட்டு முடிஞ்சிருச்சு, ஆளு வரல. திரும்ப அதே பாட்டு. அப்பவும் வரல. மூணாந்தடவை பாடுறப்போ திரை குலுங்குச்சு பாத்துக்க, கயிறு அறுந்து, திரையும் காணோம், திரைக்குப் பின்னால நின்ன ரஞ்சிதத்தையும் காணோம். பின்பக்கமா யாரோ இழுத்துட்டுப் போயிட்டாங்க. பிடிச்ச திரையை அவ விடல. நடு மேடையில நான் மட்டும் கோமாளித் தொப்பியோட நிக்கேன். சனம் வீசின செருப்பெல்லாம் எனக்குத்தான்."

தவமணி எழுந்து நின்றாள். திரும்ப உட்கார்ந்தாள். அம்மியில் அரைத்துக்கொண்டே உதடு அசைய முனகின ஒரு முதுகு அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அது எங்க அத்தை" என்றாள்.

"பின்ன எதுக்குக் கும்பிட்டுக் கொல்றீங்க?" என்று கிழவர் சீறினார். "ஆட்டக்காரி முன்னால சனம் கம்முனு நின்னா அதைவிடச் சாவு அவளுக்கு உண்டா? கையைத் தட்டணும், சத்தம் போடணும், ஒன்ஸ்மோர் கேக்கணும். ஒன்ஸ்மோர்னு கேட்டுட்டா எந்த ஆட்டக்காரியும் மாட்டேன்னு சொல்லக் கூடாது, அது மேடை தர்மம்!"

வீட்டுக்குள் டிவி அலறிக்கொண்டிருந்தது. தவமணி போய் அதை அணைத்தாள். சங்கரமூர்த்தி மகள் முகத்தைப் பார்த்ததும், எல்லாம் தெரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

"ஏம்ப்பா சொல்லல?"

"உங்க தாத்தன் செத்த அன்னைக்கே சொல்லிருக்கலாம்" என்றார் அவர். "அக்காதான் வாயில விரலை வச்சா. உன் கொரலு இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு எங்கய்யா. அவ ரோஷக்காரி. வாசலைத் தாண்டக் கூடாதுன்னா வாயையே தாண்ட வேண்டாம்னுட்டா."

கண்ணாடி டம்ளரில் கிடந்த பல்செட்டைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

"அவ நாடகம் எங்க நடந்தாலும் நான் போயிருவேன் தாயி. தலையில துண்டைப் போட்டுக்கிட்டுக் கடைசியில நிப்பேன். அவ திரைக்குள்ள இருந்து பாடுவா, நான் ரெண்டு விரலை மடிச்சு ஒரு விசில் அடிப்பேன். தம்பி வந்துட்டான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் வெளிய வருவா. விசில் கேக்காம அவ வெளிய வந்ததே கிடையாது. அன்னைக்கு நான் கிளம்புறப்பவே எங்கய்யா கையில மாட்டிக்கிட்டேன். அக்கா எங்கடான்னு கேட்டாரு. நான் சொல்லல. வாய் மேலயே ஒரு அறை. முன்பல்லு நாலும் போச்சு. அப்புறம் வேற யாரோ காட்டிக் குடுத்துட்டாங்க. என்னையும் வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாரு. அக்கா பாடுறா, கேக்குது. நான் வாயில விரலை வைக்கேன், ரத்தமா வருது, சத்தம் வரல. அவ எனக்காகத் திரும்பத் திரும்பப் பாடுறா…"

தவமணி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெள்ளைச்சாமி மேளத்தோடு வந்தபோது, திரையில் வேப்பிலையும் இல்லை, குங்குமமும் இல்லை. உண்டியலைத் தவமணி கோயில் வாசலிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டிருந்தாள். பிளக்ஸைப் பஞ்சவர்ணம் தள்ளுவண்டிக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டாள், வெள்ளைச்சாமி முகம் உள்பக்கம் இருக்கும்படி.

"சாமி குத்தம் தவமணி!"

"இது சாமி இல்ல மாமா. எங்க அத்தை பேச்சியம்மா. நாடகத்துல ராணியா நடிச்சவ."

வெள்ளைச்சாமி சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார். பாவம், அவரும் நல்லது நினைத்துத்தான் சொன்னார்: "ஏம்மா, கூத்தாடி வம்சம்னு நாளைக்கு நாலு பேரு பேச மாட்டானா? உன் வீட்டுப் பொம்பளையை நான் சாமியாக்கித் தர்றேங்கேன், நீ ஆட்டக்காரிங்கிற. வெக்கமா இல்லையா உனக்கு?"

"அவளை ஒரு தடவை ஊமையாக்கினது போதாதா மாமா? கல்லாவும் ஆக்கணுமா?"

மேளக்காரர்கள் வெள்ளைச்சாமி முகத்தைப் பார்த்தார்கள். அவர் மேல்துண்டை உதறி, பஞ்சவர்ணம் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "சரி, கடலையாவது குடு" என்றார்.

சவரிமுத்து கையோடு கொண்டுவந்திருந்த பழைய கோமாளித் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தார். வராத காலைப் பின்னலிட்டு ஒரு ஆட்டம் ஆடிக் காட்டி, தொண்டையைக் கனைத்து, அந்தக் காலத்தில் சொல்லாமல் விட்டதைச் சொன்னார்: "பெரியோர்களே, தாய்மார்களே! ராணியாக வருவது யார் என்றால், முத்துலிங்கபுரம்… நல்லாக் கேட்டுக்கோங்க… முத்துலிங்கபுரம் பேச்சியம்மாள் என்கிற ரஞ்சிதம்!"

தவமணி மோட்டாரை நிறுத்தினாள். ஊரே கை தட்டியது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் தட்டினார்கள், வாத்தியாரும் பெண்டாட்டியும் தட்டினார்கள், தூக்கி வந்த பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் தட்டின. குரல் எழுந்தது பாருங்கள்! இத்தனை நாள் கேட்டதெல்லாம் ஒத்திகைதான் போல. முல்லை பூத்த வாசலிலே என்று அவள் எடுத்தபோது வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிச் சுற்றி வந்து திரும்ப உட்கார்ந்தன. பாட்டு முடிந்தது. எல்லார் கண்ணும் திரையில். திரை அசையவில்லை. திரும்ப அதே பாட்டு. அதுவும் முடிந்தது. சனம் தட்டித் தட்டிக் கை சிவந்தது. மூன்றாம் தடவை அவள் பாட ஆரம்பித்தபோது சவரிமுத்து விளக்குக் கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தவமணி வீட்டுக்குள் ஓடினாள். சங்கரமூர்த்தி கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அவள் கண்ணாடி டம்ளரை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இது எதுக்கு?" என்றார் அவர்.

"போடுங்கப்பா."

"வாய்க்குள்ள செருப்பு…"

"செருப்போ மிதியடியோ, போடுங்கப்பா! அவ மூணாவது தடவை பாடுறா."

சங்கரமூர்த்தி மகளைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். எடுத்து மாட்டிக்கொண்டார். திடீரென்று அவருக்கு முகம் வந்தது, கன்னம் வந்தது. மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டு, கூட்டத்துக்குக் கடைசியில் போய் நின்றார். இரண்டு விரலை மடித்து நாக்குக்கு அடியில் வைத்து ஊதினார். எச்சில்தான் தெறித்தது. யாரோ சிரித்தார்கள். பல்லைக் கட்டைவிரலால் மேலே தள்ளிச் சரிபண்ணிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, இன்னொரு தடவை ஊதினார்.

அந்த விசில் கடைவீதியை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை கிழித்துக்கொண்டு போனது. நாய்கள் எழுந்து நின்றன. டவுன் பஸ் டிரைவர், கண்டக்டர்தான் விசில் கொடுக்கிறார் என்று பழக்கதோஷத்தில் வண்டியைக் கிளப்பி, திட்டு வாங்கி நிறுத்தினார்.

பாட்டு பாதியில் நின்றது. திரையின் நடுவே, மயிலுக்கும் தூணுக்கும் இடையில், ஐந்து விரல் தெரிந்தது. துணி விலகியது. சரிகைப் புடவையும் அட்டைக் கிரீடமும் நெற்றி நிறையச் சாந்துமாகப் பேச்சியம்மாள் வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, கோமாளியைப் பார்க்கவில்லை. எல்லார் தலைக்கும் மேலாக, கடைசியில் துண்டு போட்டு நின்ற எண்பது வயசுக் கிழவரைப் பார்த்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"எங்கடா போன சங்கரா? பாடிப் பாடித் தொண்டை வறண்டுபோச்சு."

சங்கரமூர்த்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அழவும் செய்தார். "பல்லு வர நேரமாயிருச்சுக்கா" என்றார்.

ஆட்டம் அதற்கப்புறம் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நடந்தது. சவரிமுத்து விழுந்து விழுந்து எழுந்தார், ராணி அவரைச் சொல்லால் விரட்டி விரட்டி அடித்தாள், வெள்ளைச்சாமி சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கடலையைத் துப்பினார். தவமணி மட்டும் மில் வாசலில் நின்ற இடத்திலேயே நின்றாள். இவ்வளவு வருஷம் ஏங்கின முகம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது, அழுகையில் ஒன்றுமே தெரியவில்லை! துடைத்தாள், முந்தானையெல்லாம் மாவு, அது கண்ணில் போய் இன்னும் மோசமாயிற்று. சிவப்பாக, மஞ்சளாக ஏதோ கலங்கலாக அசைகிறது, அவ்வளவுதான்.

கடைசிப் பாட்டும் முடிந்து ராணி திரையை நோக்கித் திரும்பினாள். திரைத்துணியில் கையை வைத்தவள் நின்றாள். மில் வாசலைப் பார்த்து இரண்டு தட்டுக் கை தட்டினாள். டப், டப்.

பிறகு, அந்தக் குரலால், "தவமணி" என்றாள்.

தவமணி தன் பேரை அந்த வாயிலிருந்து அதுவரைக்கும் கேட்டதே இல்லை. கலங்கலுக்குள் அந்த உருவம் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஒரு காலை வைக்கிறது. முகம் இன்னும் தெரியவில்லை. போய்விடப் போகிறாளே! என்ன செய்வது என்று தெரியாமல், அம்பது வயசுக்காரி, தொண்டை கிழியக் கத்தினாள்:

"ஒன்ஸ்மோர்!"

அத்தை காலை வெளியே எடுத்தாள். கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, முழுசாகத் திரும்பி, விளக்குக் கம்பத்து வெளிச்சம் நேராக முகத்தில் விழும்படி நின்றாள். சங்கரமூர்த்தி தலைத்துண்டை உருவி மகள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"தவமணி" என்றாள் அத்தை, இன்னொரு தடவை.

இந்தத் தடவை அவள் பார்த்தாள்.